ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி: வேலையை விடும்முன் சில சந்தேகங்கள்

வணக்கம். அடுத்த மாதம் சம்பள வேலையை விட்டுவிட்டு, சொந்தப் பெயரிலேயே ஸ்ட்ரக்சுரல் டிசைன் (கட்டடத்தின் அஸ்திவாரம், தூண், தளம் ஆகியவற்றின் வலிமைக் கணக்கும் வரைபடமும்) ஆலோசனை தொடங்கப் போகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

முதலில் ஜிஎஸ்டி. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. பதிந்தால் கட்டணத்தோடு சேரும் 18% வரி, சொந்த வீடு கட்டுபவருக்கு வெறும் கூடுதல் செலவு. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய 1%, 5% வரியில் குடியிருப்பு விற்கும் பில்டருக்கும் உள்ளீட்டு வரி வரவு (நமக்குக் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது. அப்படியிருக்க, முன்கூட்டியே பதிவதில் லாபம் தெரியவில்லை. ஆனால் ஜிஎஸ்டி எண் இல்லாமல் நிறுவனங்கள் வெண்டராகச் சேர்க்கின்றனவா?

அடுத்தது கட்டணத் தவணை, இதில்தான் பலர் அடிபடுகிறார்கள். அஸ்திவார வரைபடம் கைக்குப் போனதும் வாடிக்கையாளரின் அவசரம் தீர்ந்துவிடும், கடைசித் தவணை இழுபடும். நான் யோசித்திருப்பது: முன்பணம் 30%, தூண் அமைப்பு முடிவானதும் 20%, அஸ்திவார வரைபடம் தரும்முன் 30%, மீதி தளங்களின் வரைபடங்களோடு. தூண் அமைப்பில் கையெழுத்தான பிறகு ஆர்க்கிடெக்ட் தூணை நகர்த்தினால் தனிக்கட்டணம். (நகர்த்தாத ஆர்க்கிடெக்ட் உண்டா?) மண் பரிசோதனைச் செலவு உரிமையாளருடையது. இந்த விகிதம் நடைமுறையில் செல்லுமா? மறுவேலைக்கு மணிக்கணக்கில் வாங்குகிறீர்களா, வரைபடக் கணக்கிலா?

கடைசியாக, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, அதாவது நம் டிசைன் தவறால் வாடிக்கையாளர் இழப்பீடு கோரினால் கைகொடுக்கும் பாலிசி. இழப்பீடு கோரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். ஒரு வருடம் விட்டால் பழைய டிசைன்களுக்கும் பாதுகாப்பு போய்விடும். தனிநபருக்கு எவ்வளவு தொகைக்கு எடுத்திருக்கிறீர்கள்? ஒப்பந்த மாதிரி இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.