யோனாஸ் மேகஸ் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார்? எந்தப் படத்தில் தொடங்கலாம்?

ரீல்பெட்டி:
எங்கள் திரைப்பட வட்டத்தில் அடுத்த மாதம் புலம்பெயர்ந்த ஆவணப்பட இயக்குநர் ஒருவரைப் பற்றி நான் பேச வேண்டும், யோனாஸ் மேகஸை எடுத்துக்கொண்டேன். 1922இல் லிதுவேனியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1944இல் தம்பி அடோல்ஃபஸோடு ஊரைவிட்டுக் கிளம்பி, ஜெர்மனியில் கட்டாய உழைப்பு முகாமில் மாட்டி, போர் முடிந்தபின் அகதி முகாம்களில் சில வருடம் இருந்து, 1949 அக்டோபரில் நியூயார்க் வந்து சேர்ந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே கடன் வாங்கி ஒரு போலெக்ஸ் கேமரா வாங்கிவிட்டார். இதெல்லாம் எங்கும் கிடைக்கிறது. அதற்கப்புறம்தான் புரியவில்லை. தொழிற்சாலைகளில் கூலி வேலை பார்த்தவர், 2019இல் 96 வயதில் இறக்கும்வரை எப்படிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்? யார் காசு கொடுத்தார்கள்? இன்னொன்று, அவர் படங்களில் பேட்டி கிடையாது, தகவல் கிடையாது, நண்பர்கள், பனி, சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான். இது ஆவணப்படமா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

மழைக்கால வாசகன்:
உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். பெரிதாக யாரும் காசு கொடுக்கவில்லை, அதனால்தான் படங்கள் அப்படி இருக்கின்றன. போலெக்ஸ் சாவி கொடுத்து ஓட்டும் கேமரா. ஒரு முறை முறுக்கினால் அரை நிமிடம்கூட ஓடாது. 100 அடி 16 எம்எம் சுருள் மொத்தமே மூன்று நிமிடத்துக்கும் குறைவு, அதையும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் வாங்க வேண்டும். நீளமாக உட்கார்ந்து படம் எடுக்க நேரம் இல்லாததால் கிடைத்த சில நொடிகளில் எடுத்து வைத்தார். என்றைக்காவது நேரம் கிடைக்கும்போது 'நிஜமான' படம் எடுக்க இதெல்லாம் கைப்பழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் துண்டுகள்தான் படம் என்று தெரிய ஏறக்குறைய இருபது வருடம் ஆயிற்று. அந்தத் துண்டுகளைக் கோத்த 'வால்டன்' படம் வந்தது 1969இல்! நிறைய பேர் அந்த வெட்டுகளையும் நடுக்கத்தையும் பார்த்துவிட்டு ஏதோ பரிசோதனை பாணி என்று எழுதுகிறார்கள், எனக்கு அது வேலைக்குப் போகிற மனிதனின் நேரம் அப்படியே திரையில் தெரிவதாகத்தான் படுகிறது, அவரை ஆவணப்பட இயக்குநர் என்று நான் சொல்வதற்கும் அதுவே காரணம்.

கொட்டகைக்காரன்:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதி. மேகஸின் தொழில் என்றால் படம் எடுத்ததைவிட மற்றவர்கள் படத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்ததுதான் என்பேன். 'ஃபிலிம் கல்ச்சர்' இதழ் நடத்தினார், 1958இலிருந்து 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் சினிமா பத்தி எழுதினார், 1962இல் நண்பர்களோடு சேர்ந்து இயக்குநர்களுக்கான கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். அதில் தேர்வுக்குழு என்பதே கிடையாது, யார் படம் கொடுத்தாலும் பட்டியலில் ஏறும், வாடகையில் பெரும்பங்கு எடுத்தவருக்குப் போகும். 1964இல் தடைக்குரிய படங்களைத் திரையிட்டதற்காகக் கைதும் ஆனார். 1970இல் நண்பர்களோடு ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ் என்ற திரைப்படக் காப்பகத்தைத் தொடங்கினார், இன்றும் நியூயார்க்கில் இயங்குகிறது. நாட்டைவிட்டு வந்தவனுக்கு ஒரு ஊர் வேண்டியிருந்தது, அதை அவரே கட்டினார்.

ஆவணப்படமா என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1963இல் வெர்மான்ட்டில் நடந்த ஃப்ளாஹெர்ட்டி கருத்தரங்குக்கு, ஆவணப்படக்காரர்கள் கூடும் பெரிய இடம் அது, இவரும் நண்பர்களும் படச்சுருளோடு போனார்கள். உள்ளே சேர்த்துக்கொள்ளவில்லை. இரவு வண்டியிலும் வெளியிலுமாகப் படுத்துக் கிடந்து, காலையில் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு புல்வெளியில் கேமராவோடு நடப்பதை அவருடைய 'லாஸ்ட் லாஸ்ட் லாஸ்ட்' படத்தின் கடைசிச் சுருளில் பார்க்கலாம். அடுத்த வருடமே இவர் எடுத்த 'தி பிரிக்' வெனிஸ் விழாவில் ஆவணப்படப் பிரிவில் பரிசு வாங்கியது, இத்தனைக்கும் அது மேடை நாடகத்தைப் படம்பிடித்தது.

வடக்கு வீதி:
ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் வேலை பார்த்த உள்ளூர்ப் பத்திரிகைகளில் யூத வெறுப்புப் பிரச்சாரமும் அச்சானது. அவர் எழுதியவை பெரும்பாலும் இலக்கியம் சார்ந்தவை. 2018இல் மைக்கேல் காஸ்பர் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதி, அந்த வருடங்களைப் பற்றி மேகஸ் சொன்ன நினைவுகள் ஆவணங்களோடு எங்கெங்கே பொருந்தவில்லை என்று காட்டினார். அவர் ஊருக்குப் பக்கத்து பிர்ஷாய் நகரத்து யூதர்கள் 1941இல் கொல்லப்பட்டார்கள். வாழ்நாள் முழுக்க நினைவையே படமாக எடுத்தவரிடம் இந்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்பது அவதூறு ஆகாது. பேச்சில் ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

ரீல்பெட்டி:
மூவருக்கும் நன்றி. வடக்கு வீதி, கட்டாயம் சேர்க்கிறேன். ஒரே ஒரு படம்தான் திரையிட நேரம் இருக்கிறது, எது?

மழைக்கால வாசகன்:
'ரெமினிசென்சஸ் ஆஃப் எ ஜர்னி டு லிதுவேனியா', 1972. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் ப்ரூக்ளினில் அகதிகளாக இருந்த வருடங்கள், அப்புறம் 27 வருடம் கழித்து 1971இல் சோவியத் ஆட்சியில் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பிப்போவது. அம்மா வீட்டுக்கு வெளியே விறகடுப்பில் சமைப்பதை அடிக்கடி காட்டுவார், எந்தக் காட்சியும் நிலைத்து நிற்காது, பார்த்தது போதாது என்ற தவிப்பு நமக்கும் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது பகுதியில் ஹாம்பர்க் பக்கத்தில் எல்ம்ஸ்ஹார்னுக்குப் போகிறார், அவர் மாட்டிய கட்டாய உழைப்பு முகாம் இருந்த இடம். அங்கே யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை. வடக்கு வீதி சொன்னதைப் பேச அதுதான் சரியான இடம், படம் முடிந்த கையோடு எடுங்கள். 2000இல் வந்த ஐந்து மணி நேரப் படத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள், முதல் தடவை பார்ப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சப்டைட்டில் கண்டிப்பாகப் போடுங்கள், அவருடைய ஆங்கிலம் காதுக்குப் பழக நேரமாகும். ஆனால் குரலை நிறுத்திவிட்டு யாரையாவது தமிழில் படிக்கவைக்க வேண்டாம்.