துவைத்ததும் சோபா உறையின் பைப்பிங் சுருங்கிவிட்டது. எந்தக் கயிறு வாங்குவது?

கேள்வி

வணக்கம். சோபாவின் ஆறு மெத்தைகளுக்கும் நானே உறை தைத்தேன். மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டிலும் அதே துணியில் பைப்பிங் (துணிப்பட்டைக்குள் கயிறு வைத்துத் தைக்கும் உருண்டை ஓரம்). மாட்டிய அன்று கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. முதல் முறை துவைத்துக் காயவைத்து மாட்டினால் ஓரம் முழுக்க சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. மூலைகள் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை, முடிச்சுப் போட்ட மாதிரி புடைத்திருந்தன.

உள்ளே வைத்தது 6 மி.மீ. முறுக்கிய பருத்திக் கயிறு. பட்டைகளைத் துணியின் நீளவாக்கில் நேராக வெட்டினேன். உறைத்துணி கனமான பருத்தி. வெட்டும் முன்பே அதை அலசிக் காயவைத்துவிட்டேன். அடுத்து, மரச்சட்டம் வெளியே தெரியும் நான்கு நாற்காலிகளுக்கும் இருக்கை மாற்ற வேண்டும். கயிற்றில் பருத்தி, ஃபோம், பிளாஸ்டிக், காகிதம் முறுக்கியது என்று பல வகை இருக்கிறதே, எதை எடுப்பது? பத்து நாள் உட்கார்ந்து தைத்தது. இப்போது பார்க்கவே மனம் வரவில்லை.

பதில் 1

துணியை அலசினீர்கள், சரி. கயிற்றை அலசினீர்களா? தைத்தபோது நேராக இருந்து துவைத்த பிறகு சுருங்கினால், கை மேல் குற்றமில்லை. ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பைப்பிங்கின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தை விரலால் அழுத்துங்கள். உள்ளே கயிறு தட்டுப்படுகிறதா, வெறும் துணியாகத் தட்டையாக இருக்கிறதா?

கேட்டவர்

ஆமாம், இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே ஒன்றுமே இல்லை! ஒரு மெத்தையின் பின்பக்கத் தையலைப் பிரித்து ஒரு ஓரத்துக் கயிற்றை முழுதாக உருவி அளந்தேன். 220 செ.மீ. வெட்டி வைத்த கயிறு 211 செ.மீ. தான் இருக்கிறது. கயிறும் சுருங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதில் 1

அதுதான் காரணம். கயிறு குறைந்தது, துணி குறையவில்லை. மிச்சத் துணி போக வழியில்லாமல் சுருக்கமாக நிற்கிறது.

தைத்த உறைகளைத் தூக்கிப் போட வேண்டாம். இணைப்பு உள்ள இடத்தில் மட்டும் பிரித்து, பைப்பிங்கை விரலால் நீவி நீவி சுருக்கத்தை அந்த வாய்ப்பக்கம் கொண்டுவாருங்கள். கயிற்றின் மேல் ஊசி ஏறாமல் தைத்திருந்தால் துணி வழுக்கிக்கொண்டு வரும். கடைசியில் 8, 9 செ.மீ. இடைவெளி விழும். அதே கயிற்றில் ஒரு துண்டை வெந்நீரில் ஊறவைத்து நன்றாகக் காயவிட்டு, அந்த அளவுக்கு வெட்டி உள்ளே வைத்து மூடித் தையுங்கள். புதுத் துண்டை அப்படியே வைத்தால் அடுத்த துவைப்பில் அதுவும் குறையும்.

இனி வாங்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது, இந்த உறை தண்ணீரில் போகுமா என்பதுதான். துவைக்கிற உறைக்கு பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் கயிறு நல்லது, சுருங்காது. ஆனால் பாலிப்ரோப்பிலீன் சூட்டுக்கு ஆகாது, பருத்திக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரி போட்டால் உள்ளே இளகிவிடும். பருத்திக் கயிறுதான் பிடிக்கும் என்றால் (எனக்கும் அந்த மெதுமெதுப்புதான் பிடிக்கும்), வெட்டும் முன் மொத்தக் கயிற்றையும் சிக்காமல் கட்டி வெந்நீரில் போட்டு எடுங்கள். ஒரு மீட்டரைத் தனியாக அளந்து அதோடு போட்டால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

காகிதத்தை முறுக்கி மேலே வலை போட்ட கயிறு விறைப்பாக, கோடு தெளிவாக நிற்கும். நனைந்தால் வடிவம் போய்விடும். அதனால் கழற்றித் துவைக்காத இருக்கைகளுக்கு மட்டும். ஃபோம் கயிறு தண்ணீர் குடிக்காது, வெயிலிலும் மழையிலும் கிடக்கிற மெத்தைகளுக்கு ஏற்றது. ஆனால் இழுத்துத் தைத்தால் நசுங்கிவிடும். ரெக்சினில் அழுத்தமான ஓரம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் கயிறு.

இன்னொன்று, மெல்லிய துணிக்குள் முறுக்கிய கயிறு வைத்தால் முறுக்கின் வரிகள் மேலே தெரியும். வாங்கும் முன் துணித்துண்டைக் கயிற்றின் மேல் இறுக்கிச் சுற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

பதில் 2

மூலைப் பிரச்சினைக்கு நான் சொல்கிறேன். 6 மி.மீ. தடிமன் தலையணைக்கும் பெரிய திண்டுக்கும் பொருந்தும். சோபா மெத்தைக்கும் நாற்காலிக்கும் வழக்கமான அளவு 4 மி.மீ., அதாவது 5/32 அங்குலம். கனமான துணியே அதன் மேல் தடிமன் சேர்க்கும். அதற்குள் 6 மி.மீ. வைத்தால் மூலையில் மடங்க இடமிருக்காது.

அப்புறம், பட்டையைக் கிராஸ் பீஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக 45 டிகிரியில் வெட்டுங்கள். நேராக வெட்டினால் துணி இழுபடாது, வளைவில் உட்புறம் மடிந்து நிற்கும். நேர் ஓரங்களுக்கு மட்டும் என்றால் நேர் வெட்டு தப்பில்லை, துணியும் மிச்சமாகும். ரெக்சினுக்குக் கிராஸ் அவசியமில்லை, அதில் நெசவு மேலே இல்லை.

பட்டையின் அகலத்துக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள்: 4 மி.மீ. கயிற்றின் சுற்றளவு சுமார் 12.5 மி.மீ., தையலுக்கு இரண்டு பக்கமும் 12.5 விட்டால் 37.5. உங்கள் துணி கனமென்பதால் 4 செ.மீ. எடுங்கள். ஒரு மெத்தைக்கு இரண்டு ஓரம், 440 செ.மீ. ஆறுக்கு 26.4 மீட்டர். இணைப்புக்கும் சேர்த்து 28 மீட்டர் கயிறு. பட்டைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் தையலையும் சாய்வாகப் போடுங்கள், தடிமன் ஒரே இடத்தில் குவியாது.

மூலைக்கு 1 செ.மீ. முன்பே தையல் விளிம்பில் மூன்று வெட்டு கொடுங்கள், தையலைத் தொடாமல். மூலையைக் கத்தி முனைபோல் திருப்பாமல் லேசாக உருட்டித் தையுங்கள். மாட்டிய பிறகு கூராகத்தான் தெரியும்.

கேட்டவர்

மிக்க நன்றி. என்னிடம் இருக்கும் பைப்பிங் ஃபூட்டின் (தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) அடியில் உள்ள பள்ளம் 6 மி.மீ. கயிற்றுக்கானது. 4 மி.மீ.க்கு அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில் 2

வேண்டாம். பள்ளம் பெரிதென்றால் கயிறு உள்ளே ஆடும், தையல் கயிற்றை ஒட்டி விழாது, பைப்பிங் தொளதொளவென்று இருக்கும். கயிற்றுக்கு ஏற்ற ஃபூட் வாங்குங்கள், இல்லையென்றால் ஜிப் தைக்கும் ஃபூட் போதும். கயிற்றை மூடும் முதல் தையலை ஒரு நூல் தள்ளிப் போட்டு, உறையோடு சேர்க்கும் தையலை ஒட்டிப் போடுங்கள். முதல் தையல் வெளியே தெரியாது. தைக்கும்போது கயிற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்துத் தைத்தால் விட்டதும் அது பின்வாங்கி, துவைக்காமலே சுருக்கம் வரும்.

பதில் 3

நாற்காலிகளுக்கு வேறு வழி. மரச்சட்டத்தை ஒட்டி ஸ்டேப்ளர் பின் அடித்தால் பின் வெளியே தெரியும். அதை மறைக்கத்தான் இரட்டைப் பைப்பிங். இரண்டு 4 மி.மீ. கயிறுகளைப் பக்கம் பக்கமாக ஒரே பட்டையில் சுற்றி, நடுவில் ஒரு தையல். துவைக்கப் போவதில்லை என்பதால் காகிதக் கயிறே இங்கே அழகாக நிற்கும். பட்டையை 7 செ.மீ. வெட்டுங்கள், மிஞ்சியதைத் தைத்த பிறகு அடிப்பக்கம் ஒட்ட நறுக்கிவிடலாம். துணி விளிம்பையும் பின்னை ஒட்டிச் சீராக வெட்டிவிட்டு, சூட்டுப் பசையால் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே போங்கள். தொடக்கமும் முடிவும் பின்பக்கம் இருக்கட்டும்.

கேட்டவர்

ஒரு மெத்தையைச் சரிசெய்துவிட்டேன். சொன்னபடியே சுருக்கம் நகர்ந்து வந்தது, இரண்டு இடத்தில் மட்டும் ஊசி கயிற்றைப் பிடித்திருந்ததால் அங்கே நாலைந்து தையல் பிரிக்க வேண்டியிருந்தது. ஓரம் நேராகிவிட்டது. மூலைகள் அப்படியேதான் இருக்கின்றன, அந்தக் கயிறு இருக்கும்வரை அவை மாறாது என்று புரிகிறது. மீதி ஐந்தை இப்படியே நீவி எடுத்துவிட்டு, நாற்காலிகளுக்கு 4 மி.மீ. காகிதக் கயிறு வாங்குகிறேன்.