வீட்டை நானே கண்டுபிடித்தேன், ஏஜென்டுக்கு எதற்குக் கமிஷன்?

வாடகைவாசி:

எட்டு மாதமாக வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். தேடல் என்றால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எந்த வீடு எத்தனை நாளாக விற்காமல் கிடக்கிறது, எவர் எப்போது விலையை இறக்கினார் என்பது வரை மனப்பாடமாகிப்போன தேடல். கடைசியில் ஒரு வீடு பிடித்தது. அதையும் நான்தான் கண்டுபிடித்தேன். ஏஜென்ட் செய்தது, சாவி கொண்டுவந்து கதவைத் திறந்தது. "ஹாலில் நல்ல வெளிச்சம் சார்" என்றார். ஜன்னல் எனக்கும் தெரிந்தது.

அந்த வீடு விற்பனைக்கு வந்து 74 நாள் ஆகிறது, விலையை இரண்டு தடவை இறக்கிவிட்டார்கள். அப்படியிருந்தும் இவர், இன்னொரு பார்ட்டி தயாராக இருக்கிறது, இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்கிறார். வட்டி ஏறி எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இந்த அவசரம் எதற்கு என்று புரியவில்லை. என்னிடமும் கமிஷன், விற்பவரிடமும் கமிஷன் வாங்குவார் போலிருக்கிறது. திட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: எல்லாத் தகவலும் போனிலேயே கிடைக்கிற காலத்தில் ஏஜென்டின் வேலைதான் என்ன? அவரிடம் எதையெல்லாம் நான் கேட்டு வாங்கலாம்?


நானேவிற்றேன்:

என் பெயரே பதில். போட்டோ நான் எடுத்தேன், விளம்பரம் நான் போட்டேன், வந்தவர்களுக்கு வீட்டை நான் காட்டினேன், பத்திரத்துக்கு மட்டும் ஒரு வக்கீல். கமிஷன் பூஜ்யம். கதவு திறப்பதற்கு எவரும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.


கணக்குப்புலி:

"இன்றைக்கே சொல்லுங்கள்" என்பதன் பின்னால் இருக்கும் கணக்கைப் பாருங்கள், கோபம் பாதி குறைந்துவிடும். வீடு 50,00,000க்குப் போகிறது, கமிஷன் 2% என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்டுக்கு 1,00,000. ஒரு மாதம் பொறுத்தால் 51,50,000க்கு ஆள் கிடைக்கும் என்றால் வீட்டுக்காரருக்குக் கூடுதலாக ஒன்றரை லட்சம், ஏஜென்டுக்கோ கூடுதலாக 3,000. அந்த மூவாயிரத்துக்காக இன்னும் ஒரு மாதம் சாவியைத் தூக்கிக்கொண்டு அலைவாரா? மாட்டார். நானாக இருந்தாலும் மாட்டேன். எனவே அவர் உங்களை மட்டும் அவசரப்படுத்துகிறார் என்று நினைக்காதீர்கள், அந்தப் பக்கம் வீட்டுக்காரரிடமும் "வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்து, ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது என்ன செய்தார்கள் என்று ஒப்பிட்டு 2008ல் வெளியிட்டார்கள். மற்றவர்களின் வீட்டைவிட 3.7% கூடுதல் விலைக்கு விற்றிருக்கிறார்கள், சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து. தன் வீடு என்றால் பொறுமை வந்துவிடுகிறது. ஏஜென்டுக்கும் அவரிடம் வீட்டை விற்கக் கொடுத்தவருக்கும் இடையே தகவல் இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு இந்த வித்தியாசமும் பெரிதாக இருந்தது என்பதும் அதில் உண்டு. எட்டு மாதம் போனைப் பார்த்தது வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.


சாவிக்கொத்து:

பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அடி வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

கணக்குப்புலி சொன்ன கணக்கு சரி, மறுக்க மாட்டேன். ஆனால் சந்தை ஏறும்போது எங்களுக்கு வேலையே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். போர்டை மாட்டினால் விற்றுவிடும், அந்த நேரத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தங்களைப் பெரிய கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். சந்தை திரும்பும்போதுதான் யார் தொழில் தெரிந்தவர் என்று தெரியும். ஏனென்றால் அப்போது எங்கள் வேலை வாங்குபவரிடம் இல்லை, விற்பவரிடம். பக்கத்து வீடு போன வருடம் போன விலை அவர் மனதில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். வட்டி ஏறினால் வாங்குபவரின் நிலைமை என்ன ஆகிறது என்று அவருக்குப் புரியவைக்க நான் ஒரே ஒரு கணக்குதான் காட்டுவேன்: 30 வருடக் கடனில் ஒவ்வொரு 1,00,000க்கும் 3% வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 422, அதுவே 7% என்றால் 665. வீடு அதே வீடு, வாங்குகிறவரின் சம்பளமும் அதே சம்பளம், தவணை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். அமெரிக்காவில் 2021 ஆரம்பத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்த வீட்டுக்கடன் வட்டி 2023 அக்டோபரில் 8 சதவீதத்தை நெருங்கியது, அங்கே விற்பனை படுத்ததற்கும் பழைய வட்டியில் கடன் வாங்கியவர்கள், நகர்ந்தால் அந்தக் குறைந்த வட்டி போய்விடும் என்று வீட்டை விட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டதற்கும் இதுதான் காரணம்.

இதைச் சொன்னால் விற்பவருக்குக் கோபம் வரும். "அவர் இதைவிடப் பத்து சதவீதம் கூட வாங்கித் தருகிறேன் என்கிறாரே" என்று இன்னொரு ஏஜென்டிடம் போய்விடுவார். எங்கள் தொழிலில் நடக்கிற பெரிய அயோக்கியத்தனம் என்னைக் கேட்டால் இதுதான், கமிஷன் இல்லை. வேலையைப் பிடிப்பதற்காக நடக்காத விலையைச் சொல்லி ஆசை காட்டுவது, மூன்று மாதம் கழித்து "சந்தை சரியில்லை சார்" என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. புதிதாக வந்த வீட்டை முதல் இரண்டு வாரம்தான் எல்லாரும் பார்ப்பார்கள், அப்புறம் "ஏன் இன்னும் போகவில்லை, ஏதாவது வில்லங்கமோ" என்ற சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். வாடகைவாசி சொல்கிற 74 நாள், இரண்டு விலைக்குறைப்பு என்பது எனக்கு அந்த வாசனை அடிக்கிறது. அங்கே தவறு வீட்டில் இல்லாமல் முதலில் சொன்ன விலையில் இருக்கலாம்.

வாங்குபவர் கண்ணில் படாத வேலை, விலை பேசி முடித்ததற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் நடுவில் இருக்கிறது. வங்கியின் மதிப்பீட்டாளர் பேசிய விலையைவிடக் குறைத்து எழுதிவிடுவார், கடன் குறையும். விற்பவரின் தம்பி, எனக்கும் பங்கு உண்டு என்று கடைசி வாரத்தில் வந்து நிற்பார். அலமாரி வீட்டோடு சேர்த்தியா இல்லையா என்ற சண்டையில் ஒரு விற்பனையே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன், நிஜமாக, அலமாரி. இரண்டு பக்கமும் நேரடியாகப் பேசினால் வார்த்தை தடித்துவிடும் இடத்தில் நடுவில் நின்று அதை வடிகட்டிக் கொடுப்பதுதான் பாதி உத்தியோகம். இதற்குப் போனில் பட்டன் கிடையாது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டின் பின்சுவரில் ஈரம் ஏறுவது எனக்குத் தெரியும், மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாங்குபவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் மழையில் அவர் போன் செய்தார். சத்தம் போடவில்லை, "உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் வாங்கிய கமிஷனில் பாதியைச் சுவருக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த குறையை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எழுதியே கொடுத்துவிடுகிறேன். இதனால் போன வியாபாரங்கள் உண்டு.

வாடகைவாசிக்கு: அவர் யாருடைய ஆள் என்று நேராகக் கேளுங்கள். இரண்டு பக்கமும் கூலி வாங்கினால், விற்பவர் எவ்வளவு வரை இறங்குவார் என்று உங்களிடம் சொல்ல முடியாது, நீங்கள் எவ்வளவு வரை ஏறுவீர்கள் என்று அவரிடம் சொல்லவும் முடியாது. அப்போது அவர் தபால்காரர், அந்த வேலைக்கு உரிய கூலி கொடுத்தால் போதும்.


தூரதேசி:

கடைசிப் பத்தி மிக முக்கியம். அமெரிக்காவில் இதே பிரச்சினைதான் கோர்ட்டுக்குப் போனது. அங்கே வாங்குபவரின் ஏஜென்டுக்கும் சேர்த்து விற்பவரே கமிஷன் கொடுப்பது வழக்கமாக இருந்ததால், வாங்குபவர்களில் பலர் ஏதோ இலவச சேவை கிடைப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள், செலவு விலைக்குள் ஒளிந்திருந்தது. 2023 அக்டோபரில் மிசூரியில் ஒரு ஜூரி ஏஜென்டுகளின் தேசியச் சங்கத்துக்கும் சில பெரிய நிறுவனங்களுக்கும் எதிராகச் சுமார் 180 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. சங்கம் 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2024 ஆகஸ்ட் 17 முதல் விதி மாறியது: தன் ஏஜென்டுடன் வீடு பார்க்கப் போகும் முன்பே வாங்குபவர் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், கூலி எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும், அது பேரம் பேசக்கூடியது என்பதும் இருக்க வேண்டும். பிரிட்டனில் 1979ஆம் வருடச் சட்டப்படி, ஏஜென்டுக்கு அந்தச் சொத்தில் சொந்த நலன் ஏதாவது இருந்தால் பேச்சுவார்த்தைக்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் இடத்தில் சட்டம் எப்படி இருந்தாலும் கூலி எவ்வளவு, சொந்த நலன் ஏதாவது உண்டா என்ற இந்த இரண்டையும் எழுதிக் கேட்பதை எவரும் தடுக்க முடியாது.


நானேவிற்றேன்:

சாவிக்கொத்து மாதிரி நூற்றில் ஒருவர் இருக்கலாம். மீதி 99 பேரிடம் மாட்டியவன் நான். அமெரிக்காவின் மாடிசன் நகரத்தில் வீட்டுக்காரரே நேராக விற்கும் ஒரு இணையதளத்தையும் ஏஜென்ட் வழியான விற்பனையையும் ஒப்பிட்ட ஆய்வு 2009ல் வந்தது. வீட்டின் தன்மையையும் விற்பவரின் தன்மையையும் கணக்கில் எடுத்தால், ஏஜென்ட் வழியாகப் போனதில் விலை கூடுதலாகக் கிடைக்கவில்லை. அப்புறம் என்ன?


கணக்குப்புலி:

நண்பரே, அதே ஆய்வின் மறுபாதியை விட்டுவிட்டீர்களே. நேரடி விற்பனைக்கு நாள் அதிகம் பிடித்தது, விற்காமலே போகும் வாய்ப்பும் அதிகம். அப்படி முயன்று விற்காமல் போனவர்களில் பலர் கடைசியில் ஏஜென்டிடம்தான் வந்தார்கள். உங்களுக்கு எத்தனை நாள் ஆனது?


நானேவிற்றேன்:

ஐந்து மாதம். சரி, ஐந்தரை. அவசரம் இல்லாததால் முடிந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். வட்டி கட்டிக்கொண்டே காத்திருக்கிறவருக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன்.


கணக்குப்புலி:

போனில் வரும் விலை மதிப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மதிப்பீட்டுக்குப் பேர் போன, அமெரிக்காவின் ஸில்லோ நிறுவனமே, நேரடியாக வீடு வாங்கி விற்கும் தொழிலை 2018ல் தொடங்கி, விலை எங்கே போகும் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் மூடுவதாக அறிவித்தது. ஊழியர்களில் கால்வாசிப் பேருக்கு வேலை போனது. சந்தை நிதானமாக இருக்கும்போது பழைய விலைகளை வைத்துச் சொல்லும் கணக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது, திருப்பத்தில்தான் தடுமாறுகிறது. வாடகைவாசி பார்த்த விலைப்பட்டியலும் பழைய விற்பனைகளின் பட்டியல்தான்.


வாடகைவாசி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நேராகவே கேட்டேன்: "நீங்கள் எனக்காக வேலை செய்கிறீர்களா, அவருக்காகவா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், வீட்டுக்காரருக்காகத்தான் என்றார். அந்த இன்னொரு பார்ட்டி எப்போது வந்தது என்று கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களாம், அதற்குப் பிறகு போன் இல்லையாம்! ஆச்சரியம் என்னவென்றால், உங்களுக்குத் தெரிந்த குறை ஏதாவது இருந்தால் எழுதித் தாருங்கள் என்று கேட்டதும், மாடிக் குளியலறையிலிருந்து கீழே கசிகிறது என்று அவராகவே சொல்லிவிட்டார். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

என் பக்கத்துக்குத் தனியாக ஒருவரை வைக்கலாம் என்று இருக்கிறேன், சதவீதம் இல்லாமல் ஒரே தொகையாக, வாங்கினாலும் வாங்காவிட்டாலும். "வேண்டாம்" என்று அவர் சொன்னாலும் அவருக்குக் கூலி குறையக் கூடாது, அதுதான் என் யோசனை. இப்படி வருவார்களா?


சாவிக்கொத்து:

சிலர் வருவார்கள். முன்பணமாகக் கொஞ்சம் கேட்பார்கள், அது நியாயம்தான். நான் வருவேன். இங்கே ஆள் பிடிக்க வரவில்லை, அதனால் அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுகிறேன்.

கசிவைப் பார்க்க வெயில் நாளில் போகாதீர்கள். மேலே குழாயை அரை மணி நேரம் திறந்துவிட்டு, கீழே கூரையில் கை வைத்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் இருந்தால் இன்னும் அரை மணி நேரம்.