'சிக்கன்', 'எ சிக்கன்': ஒரு 'எ'யில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஆங்கிலத்தில் 'ஐ ஏட் சிக்கன்', 'ஐ ஏட் எ சிக்கன்' (a chicken) இரண்டும் ஒன்றுதானே?

பதில் 1: இல்லை. 'எ' போட்டால் எண்ணக்கூடிய ஒன்று. முழுக் கோழியையும் ஒரே ஆளாகத் தின்று தீர்த்த கணக்கு! விட்டால் வெறும் கறி, அளவு தெரியாது. 'பேப்பர்' என்றால் காகிதம், 'எ பேப்பர்' என்றால் நாளிதழ் அல்லது ஆய்வுக் கட்டுரை. ஒரு தாள் வேண்டுமா? 'எ ஷீட் ஆஃப் பேப்பர்'.

பதில் 2: நம்மவர்கள் அதிகம் சறுக்குவது 'ஃபியூ'வில். 'எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் சிலர் உண்டு. 'ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் அநேகமாக யாருமில்லை. இரண்டையும் 'சில' என்றே மொழிபெயர்த்துப் படிப்பதால் வரும் வினை.

கேட்டவர்: அப்போது ஹோட்டலில் 'டூ காஃபீஸ்' தப்பா?

பதில் 1: சரிதான், இரண்டு கப் என்று அர்த்தம். 'டூ ஃபர்னிச்சர்ஸ்' மட்டும் எங்கேயும் செல்லாது. 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'.