துப்பறியும் தொடரும் என் நிமிடக் கணக்கும்

(கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தகப்பன்)

என் மகனுக்குப் பதினொரு வயது. ஐஸ் ஹாக்கி விளையாடுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் அரங்கின் குளிர்ந்த பலகைப் படியில் அமர்ந்து, ஒரு கையில் காப்பியும் மறு கையில் தொலைபேசியுமாக, அவன் பனித்தரையில் இறங்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, வெளியே வரும்போது நிறுத்தி, மொத்த நேரத்தைக் குறித்து வைப்பது சென்ற குளிர்காலத்தில் எனக்கு வழக்கமாகிவிட்டது. பயிற்சியாளரின் அண்ணன் மகனுக்குப் பதினான்கு நிமிடம், என் மகனுக்கு ஒன்பது. மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும், அதை அச்செடுத்துப் பயிற்சியாளரின் முன் வைப்பதாக இருந்தேன்.

அந்த நாட்களில்தான் ‘லா அண்ட் ஆர்டர்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பழைய பகுதி ஒன்றை மனைவியும் நானும் பார்த்தோம். 1990இல் தொடங்கிய அத்தொடரில் முதற்பாதி பொலிஸ் விசாரணை, பிற்பாதி நீதிமன்றம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பகுதியில் கொல்லப்படுபவர் ஓர் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர். தொடரின் துப்பறியும் பொலிஸ்காரர்களான பிரிஸ்கோவும் கிரீனும் வழக்கம்போல் ஒவ்வொருவரிடமாகக் கேள்வி கேட்டுச் செல்கிறார்கள். கதை மிகைப்படுத்தப்பட்டது என்றே முதலில் நினைத்தேன். பிள்ளைகளின் விளையாட்டுக்காக யாராவது கொலை வரை போவார்களா?

போயிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரெடிங் என்னும் ஊரின் ஐஸ் அரங்கில், தாமஸ் ஜண்டா என்ற தகப்பன், சிறுவர்களின் பயிற்சியை நடத்திக்கொண்டிருந்த மைக்கேல் காஸ்டின் என்ற இன்னொரு தகப்பனை அடித்து வீழ்த்தினார், காஸ்டின் பிழைக்கவில்லை. அது கிண்ணத்துக்கான ஆட்டமும் அல்ல, புள்ளி எண்ணும் ஆட்டமும் அல்ல. பயிற்சியில் பிள்ளைகள் முரட்டுத்தனமாக விளையாடுகிறார்கள் என்பதுதான் ஜண்டாவின் முறைப்பாடு. முரட்டுத்தனத்தைக் கண்டிக்கப் போனவர் செய்த வேலை இது! பிள்ளைகள் கண்முன்னே எல்லாம் நடந்தது. தற்காப்புக்காகவே அடித்தேன் என்ற அவருடைய வாதத்தை நீதிமன்றத்தின் நடுவர் குழு (ஜூரி) ஏற்காமல், 2002 ஜனவரியில், கொலை நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஆளாக்கியது. ஆறு முதல் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. தொலைக்காட்சி எழுத்தாளர்கள் எதையும் கூட்டத் தேவையில்லை, குறைத்தால்தான் நம்புவார்கள்.

பகுதி முடிந்ததும் மனைவி கேட்டார்: “உங்கட பயிற்சியாளருக்கு ஏதும் நடந்தா, அந்தப் பொலிஸ்காரர் உங்கட போனைத் திறந்து அந்த நிமிசக் கணக்கைப் பார்த்தா என்ன நினைப்பார்?”

சிரித்தேன். கணக்கு இன்னும் தொலைபேசியில்தான் இருக்கிறது. அச்செடுக்கவில்லை.

(பாரிஸ் புறநகரிலிருந்து ஒரு தாய்)

அண்ணா எழுதியதைப் படித்தபோது, இந்த நாட்டில் நடந்த ஒரு வழக்கை எழுதாமல் இருக்க முடியவில்லை. கிறிஸ்தோப் ஃபோவியோ என்ற ஓய்வுபெற்ற இராணுவத்தினர், டென்னிஸ் விளையாடிய தம் மகனும் மகளும் வெல்ல வேண்டும் என்பதற்காக, 2000 முதல் 2003 வரை எதிராளிகளின் தண்ணீர்ப் போத்தல்களில் ‘தெமெஸ்தா’ என்னும் பதற்றந்தணிக்கும் மருந்தைக் கலந்துவந்தார். எதிராளிகள் கால் தள்ளாடி, கண் சொருகிப் போனார்கள். வெயிலின் களைப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபோவியோவின் பிள்ளைகளுக்கும் இது தெரியாது. கடைசியில் 2003 ஜூலையில், மகனுடன் விளையாடிய இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் வீட்டுக்குக் காரோட்டிச் செல்லும்போது தூங்கிப்போய் விபத்தில் இறந்தார். வேறொரு வீரர் தம் போத்தலை ஃபோவியோ கையாள்வதைக் கண்டு, குடிக்காமல் காவல்துறையிடம் ஒப்படைத்ததுதான் துப்புத் துலங்கக் காரணமாயிற்று. 2006இல் எட்டு ஆண்டுச் சிறை விதித்தார்கள்.

இதைப் பற்றி வாசித்த பிறகு, பதின்மூன்று வயது மகளை ஒரு போட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மகள் பக்கம் மாறி விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில், எதிராளியின் தகப்பன் குனிந்து, வெயில் படாதிருக்க என் மகளுடைய போத்தலை இருக்கையின் அடியில் நகர்த்தி வைத்தார். நல்ல மனிதர், தம் மகளுடையதையும் அப்படியே வைத்தார். நான் எழுந்து போய், அந்தப் போத்தலை அவர் பார்க்கவே புல்லில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.