கயாக்கின் ஒரு பக்கம் மட்டும் காற்று இறங்குகிறது

நண்பனும் நானும் கனடாவின் யூகான் ஆற்றில் வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை துடுப்புப் போட்டுப் போகிறோம். இப்போது கார்மாக்ஸில் கூடாரமடித்து மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

இருவர் அமரும், காற்றடிக்கும் பிவிசி கயாக் (துடுப்புப் படகு). வாங்கி மூன்று வருடம். நேற்றுக் காலையிலிருந்து இடது அறை மட்டும் இரண்டே மணி நேரத்தில் தொளதொளத்துவிடுகிறது. தண்ணீரின் குளிர்ச்சியில் காற்று சுருங்குகிறது என்றால் வலது பக்கமும் தளர வேண்டுமே!

வால்வைக் கழற்றித் துடைத்து இறுக்கினோம். சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்ததில் அடிப்பக்க மூட்டோரத்தில் பொடிக் குமிழிகள். சரி, அகப்பட்டது என்று ஒட்டுப் போட்டோம். மழை ஈரத்தில் காலைக்குள் விளிம்பு கிளம்பிவிட்டது.

அடுத்து ஃபைவ் ஃபிங்கர் ரேப்பிட்ஸ் என்ற வேக நீரோட்டப் பகுதி. அப்புறம் டாசன் வரை சுமார் 400 கி.மீ. இருக்கிறது. கைவசம் பிவிசி பசை, நான்கு ஒட்டுத்துண்டுகள், உப்புத்தாள்.

மூட்டோரக் கசிவில் நிலைத்து நிற்கும்படி ஒட்டுப் போடுவது எப்படி?