சொந்த மெசேஜிங் சர்வர்: விவரம் தெரிந்தவர்கள் கை கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மா விவசாயிகள் சிலருக்காக, ப்ரோசடி என்ற சர்வர் மென்பொருளைப் போட்டு, எக்ஸ்எம்பிபி என்ற செய்தி அனுப்பும் முறையில் ஒரு சர்வர் நடத்துகிறோம். பெங்களூரா மாங்காய் இன்றைக்கு என்ன விலைக்குப் போனது என்ற பேச்சுதான் அதில் முக்கால்வாசி. அந்தப் பேச்சு ஒரே கம்பெனியின் கையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 1999-இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய இந்த முறையில், மின்னஞ்சல் மாதிரி யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம், வேறு சர்வரில் இருப்பவரோடும் பேசலாம்.

சிக்கலே அங்கேதான். எங்களுக்குள் அனுப்பும் செய்தி உடனே போகிறது. தர்மபுரி நண்பர் வேறு சர்வரில் இருக்கிறார், அவருக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறது. போன்கள் சர்வரோடு பேசும் 5222, சர்வர்கள் தங்களுக்குள் பேசும் 5269, இரண்டு போர்ட்டும் திறந்துதான் இருக்கின்றன. மற்ற சர்வர்களுக்கு எங்கள் சர்வர் இருக்கும் இடத்தைக் காட்டும் எஸ்ஆர்வி பதிவா, சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழா, எதை முதலில் பார்ப்பது? சர்வர் எழுதிவைக்கும் லாக்கைப் படித்துச் சொல்ல ஒருவர் கிடைத்தால் போதும்.

அப்புறம், சில போன்களில், நாங்கள் பேசப் பயன்படுத்தும் கான்வர்சேஷன்ஸ் செயலியைத் திறந்தால்தான் செய்தி வருகிறது. பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டும் அப்படியே. பெரியவர்கள் இதனாலேயே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை.

போச்சம்பள்ளி சந்தை நாளில் புதியவர்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கிறோம். கூட வந்து உட்கார முடிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள்.